ஒரே அம்மா சமையல், மூன்று ஊர், மூன்று இடுப்பளவு: யாராவது விளக்குங்களேன்

பாகான்காரி எழுதியது:

வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது பட்டர்வொர்த், பாகான் என்றும் சொல்வோம், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கம். கல்யாணமாகிக் கோலாலம்பூரில் செத்தாப்பாக்கிற்கு வந்து பதினாறு வருடமாகிறது. ஒரு விஷயம் தீபாவளியிலிருந்து மனசைக் குடைந்துகொண்டே இருக்கிறது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் அம்மா ரவிக்கை தைத்தே எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தவர். அவரிடம் ஒரு பழைய அளவு நோட்டு இருக்கிறது. முன்பக்கமெல்லாம் ஊர்ப் பெண்களின் அளவு. பின்னாலிருந்து திருப்பினால் எங்கள் வீட்டு அளவு. இந்தத் தீபாவளிக்கு ரொம்ப நாள் கழித்து மூன்று பேரும் ஒன்றாக வீட்டில் இருந்தோம். அம்மா நாடாவை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொருவராக நிற்க வைத்து அளந்தார். எழுதி முடித்ததும் 2009ஆம் வருடத்துப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அண்ணனுக்கு அப்போது இடுப்பு 33 அங்குலம், இப்போது 41. எனக்கு அப்போது 29, இப்போது 36. தங்கைக்கு 28, இப்போது 30.

மூவரும் ஒரே சட்டிச் சோறு தின்றவர்கள். அண்ணன் ஊரிலேயே அம்மாவோடு இருக்கிறார், பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. தங்கை கிளந்தான் மாநிலத்தின் கோத்தா பாருவில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. அங்கே போய் ஒன்பது வருடம்.

வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பினாங்கு என்றாலே சாப்பாடு, அதனால் அண்ணன் அப்படி. கோலாலம்பூரில் உட்கார்ந்தே வேலை, அதனால் நான் இப்படி. அப்புறம் தங்கையைப் பார்த்து, "கிளந்தானில் குழம்பில்கூடச் சீனி போடுவார்களே, நியாயமாக நீதான் முதலில் பருத்திருக்க வேண்டும்" என்றார் ஓர் அத்தை. இன்னொரு பெரியவர் போகிற போக்கில், "அம்மா சின்ன வயசிலேயே நெய்யும் சோறுமாகக் கொடுத்து வளர்த்தது" என்று சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் வாடிப் போனதை நான் பார்த்தேன். எங்கள் வீட்டில் நெய் என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்த பொருள்.

அதனால் ஒரு காரியம் செய்தோம். ஏழு நாள், மூன்று பேரும் வாயில் போட்டது எல்லாவற்றையும் மணி போட்டு வாட்ஸாப்பில் எழுதினோம். மறைக்கக் கூடாது என்று பேச்சு.

என் வாரம் இப்படி. காலை 6.15க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகத்தின் கீழே பசியாறல். மூன்று நாள் ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), இரண்டு நாள் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். ஐந்து நாளும் தே தாரேக், கெட்டிப்பால் கலந்து ஆற்றிய தேநீர். மதியம் கலப்புச் சோறு. மாலை ஐந்து மணிக்கு யாராவது கோரேங் பீசாங் (பொரித்த வாழைப்பழம்) வாங்கி வந்துவிடுவார்கள், அதோடு இன்னொரு தே. சாலை நெரிசலைத் தாண்டி வீடு சேரும்போது 7.45. சமைக்கத் தெம்பு இருக்காது. ஐந்து இரவில் நான்கு இரவு வெளியில் கட்டி வாங்கியதுதான். உட்கார்ந்து சாப்பிடும்போது மணி ஒன்பதேகால். பதினொன்றுக்குப் படுக்கை. கைப்பேசி சொல்கிற நடை ஒரு நாளைக்கு மூவாயிரம் அடியைத் தாண்டவில்லை.

அண்ணனுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எழுதின வாரம் இரவு ஷிப்ட். ராத்திரி ஒரு மணிக்குக் கேண்டீனில் சோறு. தூக்கத்தை விரட்ட மெஷினில் விழுகிற டின் பானம் இரண்டு. காலை ஏழரைக்கு வேலை முடிந்து நேராக நாசி கண்டார். நல்லா சோறு, பொரித்த கோழி, மேலே எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றிய 'பஞ்சிர்'. வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார். அம்மா சமைத்து மூடி வைத்தது மாலை ஐந்து மணிக்குத்தான் அவர் கண்ணில் படும். அதையும் சாப்பிடுவார், இல்லையென்றால் அம்மா வருத்தப்படுவாரே என்று.

தங்கையின் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. திங்கள்: ரசம், முருங்கைக்கீரை, கெம்போங் மீன். செவ்வாய்: பருப்பு, பாகற்காய். புதன்: புளிக்குழம்பு, வெண்டைக்காய். அப்படியே அம்மாவின் வாரம். கேட்டால், "அக்கா, இங்கே நம்ம சாப்பாட்டுக் கடை கையில் எண்ணினால் மிச்சம் விரல் இருக்கும். ரசம் வேணும்னா நானே வச்சாத்தான் உண்டு" என்றாள். பள்ளி இரண்டரைக்குள் முடிகிறது, வீடு பத்து நிமிட நடை. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. பசியாற வாரத்தில் இரண்டு நாள் நாசி கெராபு. அதில் நீலச் சோற்றைவிடப் பச்சை இலையும் காயும்தான் அதிகம் என்கிறாள். இனிப்புப் பலகாரமும் தின்கிறாள்தான், மறைக்கவில்லை. ஆக்கோக் அவளுக்கு உயிர்.

ஆக, எங்கள் அம்மாவின் சமையல் இன்றைக்கு முழுசாக உயிரோடு இருப்பது நம்மவர்கள் மிகக் குறைவாக உள்ள கிளந்தானில்தான். நம் கடை தெருவுக்கு நான்கு இருக்கிற இடத்தில் அது எனக்கில்லை.

இதை எழுத வைத்த இன்னொரு காரணம் என் மகன். ஐந்தாம் ஆண்டு. பள்ளியில் எடுக்கிற செகாக் உடற்தகுதிச் சோதனையில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 'அதிகம்' என்று தாள் வந்திருக்கிறது. என்னுடைய ஒன்பதேகால் சாப்பாட்டை என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன் அவன்.

என் கேள்வி: உடம்பு பருப்பதை உண்மையில் ஊர்தான் முடிவு செய்கிறதா? மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் என்கிறார்களே, அது சாப்பாட்டு வகையாலா, வேலை நேரத்தாலா, நம் இரத்தத்தாலா? நான் கோலாலம்பூரை விட்டுப் போக முடியாது. அண்ணன் ஷிப்டை விட முடியாது. பிறகு எதைத்தான் மாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தண்ணீர்மலைக்காரன் பதில்:

தங்கச்சி, நான் ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் கடையில் 27 வருடம் குழம்பு ஊற்றியவன். இப்போது ஓய்வு. உன் அண்ணன் தட்டைப் படித்ததும் அந்தச் சோறு எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று எனக்குக் கண்ணில் தெரிந்தது.

முதலில் நம் சாப்பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. கண்டார் என்பது காவடி மாதிரித் தோளில் வைக்கும் கம்பு. நம் தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியும் தொங்கவிட்டு நடந்தே விற்றார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். விற்றவனும் நடந்தான், தின்றவனும் சுமந்தான். இன்றைக்கு அதே தட்டு வண்டியில் வந்து இறங்குகிறவர் முன்னால் போகிறது. அதே தட்டுகூட இல்லை, அதைவிடப் பெரிசு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு கறி, ஒரு காய், அவ்வளவுதான் வழக்கம். நான் வெளியே வரும்போது ஒரே தட்டில் கோழி, சொத்தோங் (கணவாய்), மீன் முட்டை என்று மூன்று கறி கேட்பது சாதாரணமாகிவிட்டது. காய் கேட்பவர் குறைந்துவிட்டார்கள்.

இன்னொன்று. பினாங்கு என்று ஒரே ஊராகச் சொல்லாதே. தீவில், பழைய நகரத்துக்குள் குடியிருக்கிற வயதானவர்கள் இன்னும் அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதை) நடந்துதான் சந்தைக்குப் போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், கோப்பிக் கடைக்கும் அப்படித்தான். உங்கள் பெருநிலப் பக்கம் அப்படி இல்லை. பிறையில் தொழிற்பேட்டைக்கும் வீட்டுக்கும் நடுவே லாரி ஓடுகிற சாலை, யார் நடப்பது? மாநிலம் ஒன்று, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை, அந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை.

அண்ணனை நாசி கண்டாரை விடச் சொல்லாதே, விடமாட்டார். கேட்கிற விதத்தை மாற்றச் சொல். "நாசி செத்தெங்ஙா, குவா ஆசிங்." பாதிச் சோறு, குழம்பு தனியாக. வெண்டைக்காயும் முட்டைக்கோஸும் தாராளமாக. கறி ஒன்றே ஒன்று, அதுவும் பொரித்தது வேண்டாம், குழம்பு மீன். குடிக்க வெறும் தண்ணீர். கடைக்காரர் யாரும் முகம் சுளிக்கமாட்டார், நான் 27 வருடம் அந்தப் பக்கம் நின்றவன், சொல்கிறேன். பஞ்சிர் ஊற்றும்போது ஆறேழு கரண்டி போகும், அத்தனையும் எண்ணெயும் தேங்காய்ப்பாலும். தனியாகக் கொடுத்தால் தொட்டுக்கொள்வதற்கு இரண்டு கரண்டி போதும்.

எனக்கு 2017இல் சர்க்கரை என்று சொன்னார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் படி ஏறுகிறேன். 513 படி. முதல் மாதம் பாதியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இப்போது நிற்காமல் ஏறுகிறேன். உன் அண்ணன் பகல் ஷிப்ட் வாரத்தில் வருவதானால் சொல், நான் கீழே காத்திருக்கிறேன்.

---

தட்டுக் கணக்கு பதில்:

சகோதரி, நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசு கிளினிக்கில் உணவியலாளர். உங்கள் அம்மாவின் நோட்டு எனக்குக் கிடைத்தால் பயிற்சி வகுப்பில் காட்டுவேன். அங்குலத்தில் இருப்பதை முதலில் மாற்றிவிடுகிறேன். நம் நாட்டில் இடுப்புச் சுற்றுக்கு வைத்திருக்கும் எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. அண்ணன் 104, நீங்கள் 91, தங்கை 76. ரவிக்கை அளவு எடுக்கிற இடமும் நாங்கள் அளக்கிற இடமும் ஒன்றல்ல. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடா வைத்து மூச்சு விட்ட பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் கொஞ்சம் வரும், செய்தி மாறாது.

இப்போது உங்கள் கேள்வி. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகளில் எடை கூடியவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் இரண்டையும் சேர்த்தால் 2011இல் பெரியவர்களில் 44.5 விழுக்காடு. 2015இல் 47.7. 2019இல் 50.1. 2023இல் 54.4. பன்னிரண்டு வருடத்தில் நம் மரபணு மாறவில்லை. நாள் போகிற விதம்தான் மாறியிருக்கிறது.

மாநில வித்தியாசம் நிஜம். 2019 ஆய்வில் நீரிழிவு மிக அதிகமாக இருந்தது நெகிரி செம்பிலானில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு. ஆனால் இந்த மாநில எண்களை வைத்துக்கொண்டு "அந்த ஊர்ச் சாப்பாடு அப்படி" என்று தாவிவிடாதீர்கள். ஒரு மாநிலத்தின் சராசரிக்குள் அங்கே எந்த இனத்தவர் எவ்வளவு பேர், எந்த வயதினர் எவ்வளவு பேர் என்பதெல்லாம் கலந்து கிடக்கிறது. அதே 2019 ஆய்வில் இந்தியர்களில் மட்டும் எடை கூடியவர்களும் பருமன் உள்ளவர்களும் சேர்த்து 63.9 விழுக்காடு, நீரிழிவு 31.4. நாட்டின் மொத்தக் கணக்கில் நீரிழிவு 18.3தான். நெகிரி செம்பிலானில் இந்தியர் விகிதம் நாட்டுச் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிளந்தானில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆக, கிளந்தான் சராசரி என்று நீங்கள் படிப்பதில் உங்கள் தங்கையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தமா என்று கேட்டீர்கள். பாதி ஆமாம். ஒரே பிஎம்ஐயில் நமக்கு ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள். அதனால்தான் இங்கே எடை கூடியதாகச் சொல்லும் எல்லையை 25இலிருந்து 23க்கும், பருமன் எல்லையை 30இலிருந்து 27.5க்கும் இறக்கி வைத்திருக்கிறோம். மேலே சொன்ன 54.4 விழுக்காடு பழைய உலகளாவிய எல்லையில் எடுத்தது. நம் எல்லையில் எண்ணினால் இன்னும் ஏறும். ஆனால் உங்கள் மூவருக்கும் ஒரே இரத்தம். அப்படியிருந்தும் 76க்கும் 104க்கும் நடுவே 28 செ.மீ. இருக்கிறதே, அதைப் பாருங்கள்.

பட்டியலில் என் கண் போன இடம் மணி. நீங்கள் எழுதியதில் மிக மதிப்புள்ள விஷயம் அதுதான். ராத்திரி நேரத்தில் அதே சோறு இரத்தத்தில் சர்க்கரையை அதிகம் ஏற்றும், உடம்பின் கடிகாரம் அப்படி. ஷிப்ட் வேலை செய்பவர்களுக்குப் பருமனும் நீரிழிவும் அதிகம் வருவது உலகமெங்கும் பார்த்த ஒன்று. அண்ணனுக்கு நான் சொல்வது: பெரிய சாப்பாடு ஷிப்டுக்குப் போகும் முன், மாலை ஐந்து மணிக்கு அம்மா சமைத்ததுதான். அது அவருக்கு மிச்சச் சாப்பாடாக இருக்கக் கூடாது, முக்கியச் சாப்பாடாக இருக்க வேண்டும். நள்ளிரவில் சின்னதாக ஒன்று, முட்டையோ சுண்டலோ. காலையில் படுக்கும் முன் லேசாக. மேலே தண்ணீர்மலைக்காரர் சொன்ன பாதிச் சோற்று நாசி கண்டாரை வாரம் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும். டின் பானத்தின் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் என்றிருந்தால் 320 மில்லி டின்னில் 32 கிராம் சீனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

சீனிப் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2025 தொடக்கத்தில் அது 90 சென்னாக ஏறியது. நல்ல காரியம். ஆனால் கடையில் கண் முன்னால் கலக்கித் தருகிற தே தாரேக்குக்கு அந்த வரி கிடையாது. அதில் போகும் கெட்டிப்பாலை யாரும் அளப்பதும் இல்லை. ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி, ஒரு தே தாரேக் 150க்கு மேல். ரொட்டியைக் குறை சொல்லிக்கொண்டே தேநீரை இரண்டு முறை குடித்துவிடுகிறோம். "தே ஓ கோசோங்" என்று சொல்லிப் பழகுங்கள், பாலும் சீனியும் இல்லாத தேநீர். உடனே முடியாவிட்டால் "கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) சொல்லி ஒரு மாதம், பிறகு கோசோங். நாக்கு மூன்று வாரத்தில் பழகிவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

மகனைப் பற்றி. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் பிஎம்ஐ எல்லை பொருந்தாது, வயதுக்கும் ஆண் பெண்ணுக்கும் தனி அட்டவணை உண்டு. கிளினிக்குக்கு அழைத்துப் போய் வளர்ச்சி வரைபடத்தில் பாருங்கள். தயவு செய்து அவனைப் பட்டினி போடாதீர்கள், அவன் காதுபட எடையைப் பேசாதீர்கள். வீட்டின் சாப்பாட்டு நேரத்தை முன்னால் தள்ளுங்கள். தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ பருப்போ, பாதி காயும் பழமும். அமைச்சு 'சூக்கு சூக்கு செப்பாரு' என்று சொல்வது அதைத்தான்.

---

சுங்கை சிப்புட் தாத்தா பதில்:

அம்மா, எனக்கு வயது 74. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் கைமாறி நாங்கள் வெளியேறினோம். இப்போது கோலாலம்பூரில் மகன் வீட்டில், மலிவு விலை அடுக்குமாடியில் பதினோராவது மாடி. பேரன் தட்டெழுத்துச் செய்து தருகிறான்.

நம்மவர்கள் கூட்டத்தில் "அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லாரும் ஒல்லியாக, ஆரோக்கியமாக இருந்தோம்" என்று பேசுவார்கள். பாதிதான் உண்மை. ஒல்லியாக இருந்தோம். நாலரை மணிக்குப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் கூட்டத்துக்கு) எழுந்து, மலையேறி இறங்கி மரம் சீவி, பால் வாளி சுமந்து வந்தால் உடம்பில் என்ன தங்கும்? ஆனால் என் அம்மா இரத்தச் சோகையிலேயே இருந்தவர். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேர், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வயதைத் தாண்டவில்லை. தாய்ப்பால் வற்றினால் கெட்டிப்பாலைத் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்த காலம் அது. இனிப்புத் தண்ணீர் தவிர அதில் என்ன இருந்தது? அந்த டின் நம் வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான், இன்னும் போகவில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் சீனியைப் பற்றி எத்தனை வருடம் எச்சரித்தார்! அவர்களின் தமிழ்ப் பத்திரிகையான பயனீட்டாளர் குரலை நான் ஒரு காலத்தில் வரி விடாமல் படிப்பேன்.

ஆனால் தோட்டத்தில் ஒன்று இருந்தது. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் கொல்லை. முருங்கை, அகத்தி, வெண்டை, பயற்றங்காய், நாலு கோழி. காசு கொடுக்காமல் காய் கிடைத்தது. பதினோராவது மாடியில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலைக்கே இடமில்லை. கீழே கடையில் ஒரு கட்டுக் கீரை விலைக்கு இரண்டு பாக்கெட் மீ (நூடுல்ஸ்) வருகிறது. என் மருமகள் எதை வாங்குவாள்?

மேலே அந்த உணவியலாளர் அம்மாள் மாநிலங்களைச் சொன்னார். நான் ஒரே கட்டடத்தைச் சொல்கிறேன். ஐநாவின் குழந்தைகள் நிதியம், யுனிசெப், கோலாலம்பூர் வட்டாரத்தில் 17 மலிவு அடுக்குமாடிகளில் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காடு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 விழுக்காடு எடை போதவில்லை. 23 விழுக்காடு எடை கூடியவர்கள். ஒரே மாடி, ஒரே மின்தூக்கி. ஒரு கதவுக்குப் பின்னால் வாடிய பிள்ளை, பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஊதிய பிள்ளை. இரண்டு வீட்டிலும் சாப்பாடு அநேகமாக ஒன்றுதான்: சோறு, முட்டை, மீ, இனிப்புத் தண்ணீர். நான் தினமும் மின்தூக்கியில் பார்க்கிறவன்.

உன் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். பிள்ளைகளுக்கு ரசமும் கீரையும் ஊட்டிய கை தப்பு செய்த கை இல்லை. உன் தங்கை ஆயிரம் காத தூரம் போல இருக்கிற ஊரில் அதே ரசத்தை வைக்கிறாளே, அதைச் சொல்லிக் கொடுத்தது யார்?

---

பாகான்காரி எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் என் கைகூப்பிய நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், வெறும் நன்றி மட்டும் சொல்ல மனசு வரவில்லை.

தாத்தா, நீங்கள் எழுதியதைத் தொலைபேசியில் அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தங்கையின் நம்பரைக் கேட்டார். அவரிடம் அந்த நம்பர் ஒன்பது வருடமாக இருக்கிறது. பிறகு தங்கை சொன்னாள், அம்மா அழைத்து முக்கால் மணி நேரம் பேசியதாகவும், ரசத்துக்கு மிளகு எவ்வளவு போடுகிறாள் என்று விசாரித்ததாகவும், "அது போதாது" என்றதாகவும்.

இங்கே மாற்றியது இரண்டுதான், அதற்கு மேல் ஒரே நேரத்தில் முடியாது என்று தெரிந்துகொண்டேன். ஒன்று, தே. முதல் வாரம் கூராங் மானிஸ், இப்போது காலையில் தே ஓ கோசோங். மாலைத் தேயை விட்டு வீட்டிலிருந்து கொண்டைக்கடலை கொண்டு போகிறேன். கசப்பு இன்னும் பழகவில்லை, ஆனால் ஒன்பது மணிப் பசி அடங்கிவிட்டது. இரண்டு, இரவுச் சாப்பாடு. என் கணவர் ஆறரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறவர். இத்தனை வருடம் எனக்காகக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் சாம்பாரும் குழம்பும் வைத்துப் பெட்டிகளில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். அவர் சோறு வைத்து, ஒரு காய் வதக்கி, மகனோடு ஏழு மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார். நான் எட்டு மணிக்கு வந்து இரண்டு தோசையோ கொஞ்சம் சோறோ. மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட முடியாதது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதற்குப் பதிலாகச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் கீழே இறங்கி அடுக்குமாடியைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறோம். மகன் பள்ளிக் கதையெல்லாம் அப்போதுதான் சொல்கிறான். எடை என்ற சொல்லை அவன் முன்னால் நாங்கள் எடுக்கவில்லை. கிளினிக்கில் வளர்ச்சி வரைபடம் போட்டுப் பார்த்தாகிவிட்டது, மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன்தான் கடினம். மாலை ஐந்து மணிச் சாப்பாட்டை முக்கியச் சாப்பாடாக்க ஒத்துக்கொண்டார், அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோஷம். டின் பானம் இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. நாசி கண்டாரில் "குவா ஆசிங்" சொன்னாராம், கடைக்காரர் எதுவும் கேட்கவில்லையாம். ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று பத்து நாள் பிடிவாதம். கடைசியில் அம்மா அந்த நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்திருக்கிறார். 2009ஆம் வருடத்துப் பக்கம்.

வரும் 14ஆம் தேதி காலை கிளினிக்கில் அவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை. அடுத்த சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட் இல்லை. தண்ணீர்மலை அண்ணே, காலை ஏழு மணிக்குப் படியடியில் இருப்பீர்களா? நானும் மகனும் வெள்ளி இரவுப் பேருந்தில் வருகிறோம்.